என்னோடு பேச ஐந்து பஸ்ஸை விட்டவர்

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை கனகலட்சுமி அம்மா அவர்களே! எழுத்தறிவுக் குழுவின் பொறுப்பாளர்களே! எங்கள் எல்லோரையும் விடப் பெரிய இழப்பைத் தாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர் சகோதரர் முகம்மது சுல்தான் அவர்களே! மகள் ஷஹீனா அவர்களே! திருச்சுழி, பாலவனத்தம், மல்லாங்கிணறு என்று நாலு பக்கத்திலிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து அருப்புக்கோட்டை வந்து சேர்ந்த தன்னார்வலப் பிள்ளைகளே! மையங்களில் படிக்கிற தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த இருளப்பசாமியின் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அடுத்து என்ன சொல்ல? முப்பத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். நான் வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும் என்பார்கள். இன்றைக்கு மேடையில் அக்காவின் படத்தைப் பார்த்ததிலிருந்து பேச்சு வரமாட்டேன் என்கிறது. படத்துக்கு மாலை வேண்டாம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். சரி என்றோம். போட்டிருந்தால் அக்காவே எழுந்துவந்து கழற்றி, அழுகிற யாராவது ஒரு பிள்ளை கையில் கொடுத்திருப்பார்.

சர்புன்னிசா அம்மையார்! மாவட்ட முதன்மைக் கருத்தாளர்! இந்தப் பட்டத்தை ஊருக்குள் போய்ச் சொன்னால் யாருக்கும் விளங்காது. படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் தன்னார்வலர். அந்தத் தன்னார்வலருக்கு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பவர் கருத்தாளர். சுருக்கமாகச் சொன்னால் வாத்தியாருக்கு வாத்தியார். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் எனக்கு அக்கா. உங்களுக்கு அக்கா. உங்களிடம் படிக்கிற எழுபது வயதுப் பெரியவருக்கும் அவர் அக்காதான். அறுபத்தொரு வயதில், பதினாறு நாளைக்கு முன்னால், மதுரை ஆஸ்பத்திரியில் நம்மை விட்டுப் போய்விட்டார்.

இப்படி ஒரு கூட்டத்தில், போனவரின் இடத்தை நிரப்ப முடியாது என்று சொல்வது வழக்கம். நானும் அப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் நம் குழுவினர் என்ன செய்துவிட்டார்கள் தெரியுமா? அந்த இடத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள்! இந்தக் கூட்டம் முடிவதற்குள் ஆமாமா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறுதித் தேர்வு வேறு. கருத்தாளர் இல்லாமல் தேர்வுக்குப் போக முடியாது. ஆகவே இன்று நான் அக்காவைப் பற்றியும் பேசுவேன், என்னைப் பற்றியும் பேசுவேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அக்காவுக்கு மேடையில் பேசத் தெரியாது. மைக்கைக் கொடுத்தால், "எல்லாரும் நல்லாருக்கீகளா? சாப்ட்டீகளா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருடைய மேடை எது? சொல்லுங்கள் பிள்ளைகளே, அவருடைய மேடை எது? ஆமாம், பஸ் ஸ்டாப்!

படிக்க வந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அக்கா மையத்தைப் பார்க்க வருவார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். கடைசி வரிசையில், உங்களோடு தரையில் உட்காருவார். வகுப்பு முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். நன்றாக நடத்தினாலும் சரி, சொதப்பினாலும் சரி, முகத்தில் ஒன்றும் தெரியாது. வகுப்பு கலைந்ததும் அந்தத் தன்னார்வலரைப் பார்த்து, "பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வாரியா?" என்பார். அவ்வளவுதான்! பிள்ளைகள் அன்றைக்குச் செய்த தப்பையெல்லாம் எண்ணிக்கொண்டே கூட நடப்பார்கள்.

வழியெல்லாம் வெள்ளாமை பற்றியும் மழை பற்றியும் பேசுவார். நிழற்குடையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வரும். விஷயம் முடியவில்லை என்றால் பஸ் வந்து நின்றாலும் ஏறமாட்டார். "நீ போப்பா" என்று டிரைவரிடம் கையைக் காட்டிவிடுவார். நம் கரிசல் காட்டு ஊர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. அது தெரிந்தே விடுவார். அதனால்தான் நமக்குள் ஒரு பேச்சு உண்டாயிற்று. "எனக்கு ஒரு பஸ்ஸு" என்பான் ஒருவன். "எனக்கு ரெண்டு" என்பாள் ஒருத்தி. ஒரு பஸ் என்றால் சின்னத் தப்பு. மூன்று பஸ் என்றால் பெரிய தப்பு. ஒரு பஸ்ஸும் விடாமல் வந்ததில் ஏறிப் போய்விட்டார் என்றால், அன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டில் பாயசம்!

எதற்கு இந்தக் கஷ்டம், வகுப்பிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். அவர் இருபத்தேழு வயதில், தொண்ணூறுகளில், தன்னார்வலராக வந்தவர். கணவர் வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தறிக்காரத் தெருவில் வகுப்பு நடத்தியிருக்கிறார். ஒரு நாள் பார்வையிட வந்த ஒருவர், படிக்கிற பெண்கள் முன்னாலேயே, "இப்படியா சொல்லிக்கொடுக்கிறது?" என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். "மறுநா எல்லாரும் வந்தாக சார். வந்து, என்னப் பாவமாப் பாத்தாக. ரெண்டு பேரு அப்புறம் வரவே இல்ல. நம்ம மானம் போனா போகுது, அவுக படிப்புல்ல போச்சு?" என்றார். அன்றிலிருந்து யாரையும் வகுப்பில் வைத்து ஒரு சொல் சொன்னதில்லை.

இந்த நாகஜோதியைக் கேளுங்கள். அந்த ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். கல்லூரியில் படிக்கிறபோதே மல்லாங்கிணறு பக்கம் ஒரு மையம் எடுத்தாள். மூன்றே மூன்று பேர்தான் வந்தார்கள். பட்டியலில் இருபது பேர், வருவது மூன்று பேர். விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். அக்கா ஒரு பஸ்ஸை விட்டார். வராத பதினேழு பேரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வார மூணு பேரும் எதுக்கு வாராக? கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். இவள் கேட்கவில்லை. அடுத்த நாள் போய்க் கேட்டிருக்கிறாள். குருவம்மாள் என்று ஒரு அம்மா சொன்னாராம்: "எம் மகன் துபாய்லருந்து போன்ல நாலு வரி எழுதி அனுப்புறான் தாயி. மருமக ஒரு வரிதான் படிச்சுச் சொல்றா. மிச்சம் மூணு வரியில என்ன எழுதியிருக்கான்னு நான் தெரிஞ்சுக்கிடணும்ல?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் நாகஜோதி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, குருவம்மாளின் போனைத் திறந்து, அந்த மகனின் எழுத்தை வைத்தே பாடம் நடத்தினாள். விஷயம் பரவியது. ஊரில் எத்தனை மாமியார்கள் இருக்கிறார்கள்! பத்தே நாளில் பதினாறு பேர் வந்துவிட்டார்கள். மருமகள்கள்தான் அக்காமேல் கோபமாக இருந்தார்கள் என்று கேள்வி.

சரி. இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை மேய்த்தவனுக்குப் பெரியவர்களை மேய்க்கத் தெரியாதா என்ற திமிரோடு இந்த வேலைக்கு வந்தேன். வகுப்புக்குக் குச்சியோடு போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், குச்சியோடு போனேன்! ஐம்பது வயதுப் பெண்களைக் கையைக் கட்டி உட்காரச் சொன்னேன். அழகுத்தாய் என்று ஒரு அம்மா தாமதமாக வந்தார். வாசலில் நிற்கச் சொன்னேன். அன்றைக்குக் கடைசி வரிசையில் புதிதாக ஒரு பெண் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, புதுசா? பின்னால உட்கார்ந்து கதை பேசவா வந்தே? முன்னால வா!" என்று அதட்டினேன். அவரும் எழுந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். சிலேட்டில் 'அ' எழுதச் சொன்னேன், எழுதினார். சுழி சரியில்லை, திரும்ப எழுது என்றேன். திரும்பவும் எழுதினார்!

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண், "சார், பஸ் ஸ்டாப் வரைக்கும் வாரீகளா?" என்றார். பாதி வழியில்தான் அவர் யார் என்று தெரிந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அவர் அந்தச் சிலேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "அழகுத்தாய் எத்தன குறுக்கம் நெலத்துல மிளகா போட்ருக்காக, தெரியுமா சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு குறுக்கம். வீட்டுக்காரரு இல்ல. ஒத்த ஆளாப் பாக்குறாக. காட்டுலருந்து ஓட்டமும் நடையுமா வந்து சேந்தவுகள வாசல்ல நிப்பாட்டிட்டமே சார்" என்றார். கவனித்தீர்களா? நிப்பாட்டியவன் நான். அவர் 'நிப்பாட்டிட்டமே' என்றார். இரண்டு பஸ் போயிற்று. மறுநாள் குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். திருந்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர். பங்குனி மாதம் ஞாயிற்றுக்கிழமை தேர்வு வந்தது. நமக்குத்தான் தெரியுமே, அந்த நேரத்தில் காட்டில் மிளகாய் பழுத்துச் சிவந்து கிடக்கும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் பழம் வெம்பிப்போகும். என் மையத்தில் இருபது பேர். தேர்வுக்கு வந்தது ஒன்பது பேர். மற்ற பதினோரு பேரும் பழம் எடுக்கப் போய்விட்டார்கள். ஆள் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு காற்றில் இருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் பயந்தோம். நான் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு விடைத்தாளையும் என் கையால் எழுதினேன்.

ஆமாம். நான்தான் எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கவேண்டும் என்று இடது கையால் எழுதினேன்.

குழுவில் நாலைந்து பேருக்கு இது தெரியும். மற்றவர்களிடம், இருளப்பசாமி சாருக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருஷத்துக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை பார்க்கமாட்டார் என்று சொல்லிவைத்தோம். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. தப்புச் செய்ததற்காக என்னைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள்.

எப்படிப் பிடிபட்டேன் தெரியுமா? விடைத்தாள் திருத்தும் இடத்தில் அக்கா இருந்தார். தேர்வில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் விளையும் பொருள்கள் மூன்றை எழுதுக. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் எழுதிப்போட்ட பழக்கம் சும்மா விடுமா? நெல், கரும்பு, வாழை என்று எழுதினேன். பதினோரு தாளிலும் நெல், கரும்பு, வாழை! கண்மாயில் தண்ணீர் நின்றே நாலு வருஷமான ஊரில்! வந்து எழுதிய ஒன்பது பேரும் மிளகாய், பருத்தி, சோளம் என்று தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார்கள். வராத பதினோரு பேர் ஊரில் மட்டும் வாழை குலை தள்ளியிருக்கிறது.

அக்கா அங்கே வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினோரு தாளை மட்டும் திருத்தாமல் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், பஸ் ஸ்டாப் வரைக்கும் வாரீகளா?" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நிழற்குடையில் உட்கார்ந்ததும், "நம்ம ஊர்ல எப்ப சார் வாழை வெளஞ்சிச்சு?" என்றார். நான் மறுத்தேன். முதல் பஸ் போயிற்று. பிறகு ஒத்துக்கொண்டு, கோபமாகப் பேசினேன். "பழம் வெம்பிப்போனா நீங்க குடுப்பீங்களா? மையத்தை மூடினா நீங்க திறப்பீங்களா?" என்று கத்தினேன். இரண்டாவது பஸ் போயிற்று. மினி பஸ் ஓட்டும் வெள்ளத்துரை போகும்போது ஒரு தடவை பார்த்தான். திரும்பி வரும்போதும் நாங்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். பிரேக்கை அழுத்தி, "என்னக்கா, இன்னுமா?" என்றான். "இன்னும் இருக்குப்பா. நீ போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது மூன்றாவது.

பிறகுதான் அக்கா சொன்னார். பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். "சார், நீங்க ஒரு நல்லது நெனச்சுத்தான் செஞ்சிருக்கீக. ஆனா இந்தத் தாளத் திருத்துனா அழகுத்தாய் பாஸு. பட்டியல்ல எழுத்தறிவு பெற்றவர்னு ஏறிருச்சுன்னா, இனி எந்த மையத்துலயும் அவுக பேரச் சேக்கமாட்டாக. அவுகளுக்கு இன்னும் பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாது. எந்தக் கதவத் தொறக்கணும்னு நாம வந்தமோ, அதப் பூட்டிச் சாவிய நீங்க கையில வச்சிருக்கீக."

நான் அழுதேன். அறுபத்தொரு வயதில், ரோட்டோரத்தில், ஆடு மேய்க்கிறவர்கள் பார்க்க அழுதேன். அவர் தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாலாவது பஸ்ஸும் போயிற்று.

"நீங்கள் மேலே சொல்லிவிடுங்கள், என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். "நான் ஏன் சொல்லணும்? நீங்கதான் சொல்லணும். ஆபீஸுக்கு அப்புறம் போவோம். மொதல்ல அந்தப் பதினோரு பேருட்டச் சொல்லுங்க" என்றார். அதிகாரியிடம் சொல்லிவிடலாம். படிக்க வந்த பெண்களிடம் போய் எப்படிச் சொல்வது? முடியாது என்றேன். ஐந்தாவது பஸ் வந்தது. அதையும் விட்டார். காலையில் சாப்பிடாமல் வந்தவர். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுல்தான் பாய், அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. என்னால்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்று சாயங்காலமே மிளகாய்க்காட்டுக்குப் போனேன். அழகுத்தாய் மடி நிறையப் பழத்தோடு நிமிர்ந்தார். சொன்னேன். "அப்ப நான் பாஸு இல்லையா சார்?" என்றார். இல்லை என்றேன். "வராதவுகளும் பாஸுன்னு ஊர்ல பேசிக்கிட்டாகளே. மக வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேனே" என்றார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு, "எம் பேர்ல என்ன சார் எழுதுனீக?" என்று கேட்டார். நெல், கரும்பு, வாழை என்றேன். அவர் காட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஏன் சார், எம் பேர்ல எழுதுறவுக எங் காட்டப் பாத்தாச்சும் எழுதக்கூடாதா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பழம் பறித்த கையல்லவா, கண் எரிந்திருக்கும்.

மறுநாள் அலுவலகத்துக்கு நான் கடிதத்தோடு போனபோது அக்கா எனக்கு முன்னால் அங்கே நின்றார். "தேர்வு நாளு குறிக்கும்போது மிளகா எடுப்புன்னு நான் சொல்லியிருக்கணும் சார், அது என் தப்பு. அதையும் எழுதிக்கோங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். யாராவது கேட்டார்களா அவரை? ஒருவரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னார். பதினோரு பேரின் தாளும் ரத்தாயிற்று. அவர்கள் பெயர் திரும்பவும் மையத்தில் ஏறியது. பொறுப்பு போன பிறகு, அந்த மையத்திலேயே சாதாரணத் தன்னார்வலராக அவர்களுக்கு நான் பாடம் நடத்தினேன். அடுத்த தேர்வில் ஏழு பேர் தேறினார்கள். அழகுத்தாய் தேறவில்லை. அதற்கடுத்த தேர்வில், போன வருஷம், தேறினார். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, எல்லோர் முன்னாலும் உங்களிடம் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனேன். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, கை கால் எல்லாம் வீங்கியிருந்தது. போனதும் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "மிளகா பழுத்துருச்சா சார்?" என்றார். பழுத்துவிட்டது என்றேன். "தேர்வும் வருதே. காட்டுக்காரவுககிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுங்க. விடியக்கருக்கல்லயே எடுப்ப ஆரம்பிச்சு, மத்தியானம் ஆளுகள விட்டுட்டா, வந்து எழுதிருவாக. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எழுதலாம்ல" என்றார். பிறகு, "பிள்ளைக கூட நடந்தீகளா?" என்றார். நேரமில்லை அக்கா, எல்லோருக்கும் போன் போட்டுப் பேசிவிட்டேன் என்றேன். "போன்ல ஒருத்தரும் அழமாட்டாக சார். கூட நடந்தாத்தான் சொல்லுவாக" என்றார். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஷஹீனா வந்து தண்ணீர் கொடுத்தார். நான் கிளம்பிவிட்டேன்.

எவ்வளவு பெரிய மனுஷி! யாருக்கு வரும் அந்தப் பொறுமை? வெயிலில் நின்று, பசியோடு நின்று, பஸ்ஸை விட்டுவிட்டு நின்று, ஒருவர் மானமும் போகாமல் நம்மை ஆளாக்கிய மனுஷி! அவருக்குச் சிலை வேண்டாம், விருது வேண்டாம். இறைவன் அவருக்கு நல்ல இளைப்பாறுதலைத் தரட்டும்.

இப்போது ஒரு விஷயம். முந்தாநாள் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். யார் என்று சொல்லமாட்டேன், ஊர் பேரும் சொல்லமாட்டேன். "சார், ஞாயித்துக்கிழம ஆளு வரலேன்னா என்ன செய்ய?" என்று கேட்டீர்கள். என்ன செய்யலாம் என்று நினைத்திருக்கிறாய் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டீர்கள். அந்தப் பிள்ளை இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மட்டுமா அந்த யோசனை இருக்கும்? இன்னும் எத்தனை பேர் மனசில் இருக்கிறதோ! உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் இடது கையால் எழுதியவன்.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. அக்கா இருந்தால் என்ன செய்திருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே தெரியும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

குழுவினரே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். அக்காவின் இடத்தில் உட்கார என்னால் முடியாது. அவர் எங்கே உட்கார்ந்தார், நான் அங்கே உட்கார? அவர் நடந்தார். நானும் நடக்கிறேன். இவனா என்று உங்களுக்குத் தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். அழகுத்தாய் அம்மா, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பேரில் எழுதியவன் நான். நடக்கலாமா?

தலையை ஆட்டுகிறார். நன்றி தாயே.

எல்லோரும் எழுந்து, அக்காவை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்போம். அதன்பிறகு கீழே எல்லோருக்கும் சாப்பாடு இருக்கிறது. நான் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. இங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு மெதுவாக நடந்தால் பத்து நிமிஷம். வெயிலாக இருக்கும், தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளலாம். கூட வருகிறவர்கள் வரலாம். போன் செய்த பிள்ளைதான் வரவேண்டும் என்பதில்லை, யார் வந்தாலும் சரி. வெள்ளாமை பற்றிப் பேசலாம், மழை பற்றிப் பேசலாம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

திருச்சுழிக்குப் பன்னிரண்டே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது. இன்றைக்கு நான் அதில் ஏறப்போவதில்லை.